யார் பெயரில் எழுதட்டும்?

வெளியூர் போனால் ஊர் பார்ப்பது எப்படி? பஸ்ஸில் போனால் முன் ஸீட்டுக்காரர் தலைதான் தெரிகிறது. காரில் போனால் டிரைவர் காட்டுகிற ஊர்தான் தெரிகிறது. நடந்து போனாலோ, முதல் நாள் ஊர் தெரிகிறது. மறுநாள் முழங்கால் வலி தெரிகிறது! பாக்கி இருப்பது ஒரே வழி: வாடகை சைக்கிள்.

"அதெல்லாம் சீமைப் பழக்கம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1965-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து இளைஞர்கள் சிலர், வெள்ளை வர்ணம் அடித்த சைக்கிள்களைத் தெருவில் நிறுத்தி, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று விட்டார்கள். 2007-ல் பாரிஸில் தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் நிலையம் வந்தது. உலகமே மூக்கில் விரலை வைத்தது. எங்கள் திருநெல்வேலிக்காரர்கள் மட்டும் வைக்கவில்லை. மணிக் கணக்கில் சைக்கிள் எடுப்பது அவர்களுக்குப் பழைய சமாசாரம்.

நாலணாவுக்கு ஒரு மணி

1975-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தெரு முனையில் ஓர் அண்ணாச்சி சைக்கிள் கடை வைத்திருந்தார். மட்கார்டில் நம்பர் எழுதிய வண்டிகள் வரிசையாக நிற்கும். சிறுவர்களுக்குக் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி; பெரியவர்களுக்கு முழு வண்டி. முழு வண்டி கிடைத்துக் கால் எட்டாவிட்டால், பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல்!

முன்பணம் கிடையாது. "யார் மகன்லே நீ?" என்று கேட்பார். அப்பா பெயரைச் சொன்னால் போதும். நோட்டில் பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம் மூன்றும் ஏறும். பஞ்சரானால் ஒட்டுகிற செலவு நம்முடையது. கடைச் சுவர்க் கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிஷம் வேகமாக ஓடும் என்பது பையன்களின் தீராத புகார்.

நாலணாவில் ஊரே கைக்குள் வந்துவிடும். நெல்லையப்பர் ரத வீதிகளை ஒரு சுற்று. அங்கிருந்து ஜங்ஷனுக்குப் போக ஈரடுக்கு மேம்பாலம். 1970-களின் தொடக்கத்தில் கட்டிய அந்தப் பாலத்தில் மேல்தளம் பெரிய வண்டிகளுக்கு. கீழ்த்தளம் சைக்கிள் முதலிய சிறு வண்டிகளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும். சைக்கிளுக்கு இப்படி ராஜமரியாதை செய்த ஊர் வேறு எது?

அதைத் தாண்டிப் போனால் தாமிரபரணியின் மேல் சுலோசன முதலியார் பாலம். 1843-ல் திறந்த இந்தப் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியவர் முதலியார். அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். பாலம் ஏறி இறங்கினால் கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை, பிறகு பள்ளிக்கூடங்கள் நிறைந்த பாளையங்கோட்டை.

டவுனிலிருந்து வேறு பக்கம் திரும்பினால் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். வடிந்ததும் மறுபடி பூஜை நடக்கும். நாள் வாடகைக்கு எடுத்தால் திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் போய்ச் சிற்பம் பார்க்கலாம். சேரன்மகாதேவி ரோட்டில் பத்தமடை போனால், கோரையில் பட்டுப் போல் பாய் நெய்யும் பெண்களைப் பார்க்கலாம்.

எவ்வளவு ரஸமாக இருக்கிறது, இல்லையா? இதெல்லாம் அப்போது நான் பார்த்தவை அல்ல. அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொன்னவை!

எனக்குக் கிடைத்த பத்து நிமிஷம்

அண்ணன் எடுத்த ஒரு மணியில் கடைசிப் பத்து நிமிஷம் எனக்கு. அதுவும் எங்கள் முடுக்குக்குள்ளேதான். ஒரு நாள் துணிந்து, சேர்த்து வைத்த நாலணாவோடு நானே கடைக்குப் போனேன்.

அண்ணாச்சி காசையும் பார்த்தார்; என்னையும் பார்த்தார். "போம்மா, அண்ணனை வரச் சொல்லு. நீ விழுந்து வச்சா உங்க அய்யாவுக்கு நான்லா பதில் சொல்லணும்?"

நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் நோட்டில் என் பெயர் ஏறவில்லை. அந்தப் பாலம் மாதிரிதான்: நகை அம்மாளுடையது, பெயர் முதலியாருடையது.

காலம் மாறிற்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக் கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 2001-ல் மாணவிகள் சிலருக்கு அரசு இலவச சைக்கிள் தரத் தொடங்கி, பிறகு அதை விரிவாக்கியது. வீட்டுக்கு வீடு சைக்கிள், மொபெட் என்று வந்த பின் வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

அறுபது வயதில்

மகள் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறாள். போனபோது சைக்கிள் வாடகைக் கடைக்கு அழைத்துப் போனாள். கடைப் பெண் கேட்ட முதல் கேள்வி: "யார் பெயரில் எழுதட்டும்?" என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. குளிர் என்று மகளிடம் சமாளித்தேன்!

பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். அங்கே ஜாமீன் அப்பா பெயரல்ல. அடையாளச் சீட்டோ முன்பணமோதான். சில வண்டிகளுக்குக் கைப் பிரேக் கிடையாது; பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும். கிளம்புமுன் ஒரு தடவை பழகிக் கொள்ளுங்கள். வலப் பக்கமே போக வேண்டும். டிராம் தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டும். எங்கே நிறுத்தினாலும் பூட்டு அவசியம். புடவைத் தலைப்பு ஜாக்கிரதை!

ஊர் திரும்பியதும் திருநெல்வேலிக்குப் போனேன். அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணன் பேத்திக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் வீட்டு வாசலில் நின்றது. ஒரு மணி நேரம் கேட்டேன்.

"ஆச்சி, சும்மா தர மாட்டேன். வாடகை எவ்வளவு தருவிய?"

"நாலணா!"

சிரித்துக்கொண்டே பள்ளி நோட்டை எடுத்தாள்; என் பெயரையும் நேரத்தையும் எழுதினாள். விடியற் காலையில் குறுக்குத்துறைக்கு ஓட்டிப் போனேன். ஆறு நிறையத் தண்ணீர். கரையில் வண்டியை நிறுத்தி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பியபோது ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. பேத்தி கடிகாரத்தைக் காட்டி இன்னொரு நாலணா கேட்டாள். அந்தக் கடிகாரமும் ஐந்து நிமிஷம் வேகம்தான்!