மதுரைப் பொண்ணு, இந்திப் பேச்சு... கோவில்பட்டிக்காரங்க 'மீனாட்சி சுந்தரேஷ்வர்' பார்க்கலாமா?

கோவில்பட்டியில பஸ் ஏறினா சுமார் 100 கிலோமீட்டர்ல மதுரை. அந்த மதுரையில நடக்குற கதையில புருஷன், பொண்டாட்டி, மாமியார், மாமனார்னு எல்லாரும் இந்தி பேசினா எப்படி இருக்கும்? அதுதான் 2021 நவம்பர் 5-ம் தேதி நெட்ஃப்ளிக்ஸ்ல வெளியான இந்தி ரொமான்டிக் காமெடி, 'மீனாட்சி சுந்தரேஷ்வர்'. பார்க்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

கதை என்ன?

தரகர் குழப்பத்துல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தப்பான வீட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போயிடுறாங்க. அங்க இருக்குற பொண்ணு பேரு மீனாட்சி. மாப்பிள்ளை பேரு சுந்தரேஷ்வர். மதுரையில இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்? கல்யாணம் முடிஞ்ச கையோட இன்ஜினீயர் மாப்பிள்ளைக்கு பெங்களூர்ல வேலை. ஆனா, கல்யாணம் ஆகாதவங்களுக்கு மட்டும்தான் அந்த ஆபீஸ்ல இடம்! பொண்டாட்டி இருக்கான்னு வாயைத் திறக்க முடியாம அவன் அங்கே, மாமியார் வீட்டுல இவ இங்கே. நடுவுல ஒரு போன்.

யார் யார் இருக்காங்க?

மீனாட்சியா சான்யா மல்ஹோத்ரா. 'தங்கல்' படத்துல தங்கச்சி பபிதாவா வந்தவங்க. சுந்தரா நடிச்சிருக்குற அபிமன்யு தாஸானி, 'மைனே பியார் கியா' நாயகி பாக்யஸ்ரீயோட மகன். இயக்கம் விவேக் சோனி. இசை, 'பண்ணையாரும் பத்மினியும்' புகழ் ஜஸ்டின் பிரபாகரன்.

எது ஒட்டல?

பேச்சுதான். மதுரைத் தமிழுக்கும் நம்ம கரிசல் தமிழுக்குமே வித்தியாசம் சொல்ற ஆளுங்க நாம. பக்கத்து இடைசெவல்ல பிறந்த கி.ரா., இந்த மக்கள் பேசுற சொல்லையெல்லாம் தேடிச் சேர்த்து அகராதியே போட்டவர். அந்தக் காதோட கேட்டா, மல்லிகைப்பூ, பட்டுச்சேலை, ரஜினி ரசிகைன்னு எல்லாம் இருந்தும், வாயைத் திறந்ததும் மதுரை காணாமப் போயிடுது.

அப்புறம் ஏன் பார்க்கணும்?

அந்தப் பிரிவு நம்ம வீட்டுக் கதைங்கிறதால. கரிசல், மழையை நம்புற மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாத்திட்டா உளுந்தும் போச்சு, பருத்தியும் போச்சு. தீப்பெட்டி ஆபீஸும் கடலைமிட்டாய் தொழிலும் எத்தனையோ வீட்டுல அடுப்பு எரிய வைக்குது. ஆனா, இன்ஜினீயரிங் படிச்ச பிள்ளைக்கு வேலை சென்னையிலயோ பெங்களூர்லயோதான். புதுசா கல்யாணம் ஆனவங்க ஆளுக்கொரு ஊர்ல இருக்குறது நம்ம தெருவுலயே நடக்குது.

படத்தை உன்னிப்பா கவனிச்சா ஒண்ணு புரியும். அந்த ஜோடியோட பெரிய பிரச்னை தூரம் இல்ல, மறைக்கிறது. ஆபீஸ்ல ஒரு பொய், வீட்டுல ஒரு சமாளிப்பு. தூரத்தைக் கூட ஒரு ரயில் டிக்கெட் சரிபண்ணிடும். மறைச்சதைச் சரிபண்றது கஷ்டம்.

அதனால, கல்யாணம் பேசி முடிச்சிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே பாருங்க. வேலை எந்த ஊர்ல, பொண்ணு எங்க இருப்பா, எத்தனை மாசத்துக்கு, அவளோட வேலை என்ன ஆகும்... படம் முடிஞ்சதும் இந்த நாலையும் பேசிடுங்க. ஜாதகப் பொருத்தத்துல இதெல்லாம் வராது.

கையில கோவில்பட்டி கடலைமிட்டாய் இருக்கட்டும். 2020-ல புவிசார் குறியீடு வாங்கினது. இந்தி டயலாக் ஒட்டாத இடத்துலயெல்லாம் கைகொடுக்கும்!