அணை நீரும் ஆற்றங்கரைக் குடிகளும்

சிதறால் மலைக்கு ஏறிச் சென்றவர்களுக்கு நாம் சொல்லப்போகும் விஷயம் எளிதில் விளங்கும். திருச்சாரணத்து மலை என்று பழம்பெயர் பெற்ற அவ்விடத்தில், 9-ம் நூற்றாண்டில் சமண முனிவர்கள் தங்கி வாழ்ந்ததற்குப் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும், ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் சான்று பகர்கின்றன. வந்தவர்கள் அவற்றைக் கண்டு, உச்சியில் சற்றே காற்று வாங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். கீழே ரப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் ஊடே வளைந்து செல்லும் ஆற்றை நின்று கவனிப்பவர் சிலரே.

சர்க்கார் காகிதங்களில் அதன் பெயர் தாமிரபரணி. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. மேலே கோதையாறு என்றும், கீழே குழித்துறையாறு என்றும் ஜனங்கள் அழைக்கும் இவ்வாறு, பறளியாற்றையும் சேர்த்துக்கொண்டு, திருவட்டாறு, குழித்துறை வழியாக மேற்கே சென்று தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. இந்த ஆற்றில் எப்பொழுது எவ்வளவு நீர் ஓடுவது என்பதை வானம் மட்டும் தீர்மானித்த காலம் 1906-ல் முடிந்துவிட்டது. அன்று முதல் பேச்சிப்பாறை அணையின் மதகுகளும் அதைத் தீர்மானிக்கின்றன.

அவ்வணை எழுந்த வரலாற்றை நம் நேயர்கள் அறிவார்கள். மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்தவர் மிஞ்சின் என்ற ஆங்கிலேய இஞ்சினீயர். அன்னிய ஆட்சியின் கொடுமைகளை எத்தனையோ முறை எழுதிய நமது பேனா, இந்த வெள்ளைக்காரரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதத் தயங்கவில்லை. அவரது சமாதி அணைக்கருகிலேயே இருக்கிறது. 42 அடியாக இருந்த நீர்மட்டம் பின்னர் 48 அடியாக உயர்த்தப்பட்டது. பறளியாற்றின் குறுக்கே 77 அடி நீர் கொள்ளும் பெருஞ்சாணி அணை, நாடு விடுதலை பெற்றபின் 1952-ல் எழுந்தது. அதன்பின் சிற்றாறு அணைகள் இரண்டு. 1956 நவம்பர் 1-ந் தேதி தாய்த் தமிழகத்தோடு இணைந்த இந்த ஜில்லாவுக்குக் கிடைத்த சீதனங்களுள் சிதறாலிலிருந்து அதிக தூரமில்லாத மாத்தூர் தொட்டிப்பாலம் ஒன்று. காமராஜர் ஆட்சியில் திட்டமிடப்பட்டு 1966-ல் முடிந்த அப்பாலம், ஆற்றுக்கு மேலே ஆகாயத்தில் பட்டணங்கால் நீரைச் சுமந்து செல்கிறது.

இவையெல்லாம் யாருக்காக? முதலில் வயலுக்காக. வழக்கமாக ஜூன் 1-ந் தேதி மதகு திறந்து, கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நீர் விட்டு, பிப்ரவரி முடிவில் அடைக்கிறார்கள். 79,000 ஏக்கர் பாசனம் என்பது சர்க்கார் உத்தரவுகளில் வரும் கணக்கு. நெல் விளைந்த வயல்களில் இன்று தென்னையும் வாழையும் வீட்டுமனைகளும் நிற்பதை அக்கணக்கு அறியாது. அது வேறொரு நாள் எழுதவேண்டிய துக்கம். இரண்டாவது, குடிநீருக்காக. நாகர்கோவிலின் தாகத்தை முக்கடல் அணை தணித்து வந்தது. ஊர் பெருகவே அது போதாமற் போயிற்று. கீழ் ஆற்றின் கரைகளிலோ பல கிராமங்கள் ஆற்றுப் படுகையிலிருந்தே குடிநீர் எடுக்கின்றன. கோடையில் ஓட்டம் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். அதைத் தடுக்கவே பரக்காணியில் தடுப்பணை கட்ட நேர்ந்தது.

மூன்றாவது உபயோகம் உல்லாசம். சமஸ்தானத்து இஞ்சினீயர்கள் இதைக் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். திற்பரப்பு அருவியில் குளிக்கவும், அதற்கு மேலே தேங்கிய நீரில் படகு விடவும், தொட்டிப்பாலத்தில் நடக்கவும் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். இதை அற்பமென்று நாம் ஒதுக்கவில்லை. உழைத்துக் களைத்தவன் பெண்டு பிள்ளைகளோடு ஒரு நாள் அருவியில் நனைவதைக் குறைகூறும் தேசபக்தி நமக்கு வேண்டியதில்லை. ஆனால் அருவியின் அழகும் அதன் ஆபத்தும் ஒரே மதகிலிருந்து வருகின்றன என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால் குளிக்கத் தடை. மதகு அடைத்துக் கோடையும் காய்ந்தால் பாறையில் நூலிழை போல் நீர்.

வயல், வீடு, அருவி என்ற இம்மூன்றுக்கும் அணை நிறைந்திருக்க வேண்டும். நான்காவதான ஒன்றுக்கோ அணையில் வெற்றிடம் வேண்டும். அதுதான் வெள்ளப் பாதுகாப்பு. நிறைகுடத்தில் மேலும் நீர் பிடிக்க முடியாது. தமிழ்நாட்டின் மற்ற ஜில்லாக்கள் பெரும்பாலும் ஒரு பருவமழையையே நம்பியிருக்க, குமரி ஜில்லாவுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டும் பெய்கின்றன. இது பாக்கியமே. ஆனால் ஜூனில் தொடங்கிய மழை அணையை நிரப்பிவிட்டுப் போயிருந்தால், ஐப்பசி கார்த்திகையில் வரும் பெருமழையை எங்கே வைப்பது? முன்கூட்டியே திறந்து இடம் பண்ணினால், பின்மழை பொய்த்துக் கும்பப்பூ கருகக்கூடும். அப்பொழுது விவசாயிகள் கேட்கும் கேள்விக்கு இஞ்சினீயர் பதில் சொல்ல வேண்டும். திறக்காமல் காத்திருந்தால், ஒரே இரவில் வரும் வெள்ளத்தை அப்படியே கீழே தள்ள நேரும். அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தரின் சங்கடம் நமக்குப் புரியாமலில்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். பறளியாற்று நீரைக் கிழக்கே திருப்பி நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு, பாண்டியன் கால் என்ற பெயரே காட்டுவதுபோல், மிகப் பழைமையானது. இன்றைக்கும் அணை நீரின் பெரும் பயன் கால்வாய்கள் வழியே தோவாளைக்கும், அகஸ்தீஸ்வரத்துக்கும், அப்பால் ராதாபுரத்துக்கும் செல்கிறது. அவர்களுக்குக் கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கால்வாய் கொள்ளாத உபரி நீர் எந்தக் கால்வாயிலும் போவதில்லை. அது ஆற்றோடுதான் இறங்குகிறது. திருவட்டாறு, சிதறால், குழித்துறைப் பக்கத்துக் கரைக் குடிகள் பட்டணங்கால் மூலம் ஒரு பங்கு பயனைப் பெற்றாலும், வெள்ளத்தில் முழுப் பங்கையும் அவர்களே ஏற்கிறார்கள். போதாக்குறைக்கு, நெய்யாறு இடதுகரைக் கால்வாய் நீரையும் 2004 முதல் கேரள சர்க்கார் நிறுத்தி, விளவங்கோடு தாலுகா விவசாயிகளைத் தவிக்க விட்டிருக்கிறது.

2021 நவம்பர் மழையை யாரும் மறந்திருக்க முடியாது. அணைகள் நிரம்பி உபரி நீர் இறங்கியது. குழித்துறையாறு கரை புரண்டது. ரயில் பாதையில் மண் சரிந்து நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே வண்டிகள் நின்றன. அன்று மதகு திறந்தது தவறு என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. பேச்சிப்பாறையில் நீர் 42 அடியை எட்டியதும் ஆற்றங்கரைக்கு வெள்ள எச்சரிக்கை விடுவது வழக்கம். அணை மட்டமும், வரத்தும், வெளியேற்றமும் பத்திரிகைகளில் தினந்தோறும் வருகின்றன. ஆயினும் அவை நேற்றைய கணக்கு. கரையில் வாழை நட்டவனும், பசுவைக் கட்டியவனும், கிழத் தாயாரைப் படுக்கையில் வைத்திருப்பவனும் கேட்பது நாளைய நோக்கம். அக்டோபர் முதல் தேதி அணையில் எத்தனை அடிக்கு மேல் வைக்கப் போவதில்லை? எத்தனை கன அடி திறந்தால் எந்தத் தோப்பில் நீர் ஏறும்? திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பு, யார், எந்த வழியில் தெரிவிப்பார்? இவற்றுக்கு அவனுடைய தாய்மொழியில், அவனுடைய ஊர்ச் சாவடியில், எழுத்தில் பதில் இருக்கவேண்டும்.

இது சலுகைக்கான விண்ணப்பமன்று. பார்லிமெண்டு நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-ந் தேதி அமுலுக்கு வந்தது. அணைக்கு உடையவர் எவரோ அவர் நீர்வரத்தை முன்னறியும் ஏற்பாடும், வெள்ள எச்சரிக்கை ஏற்பாடும் செய்யவேண்டும். எதிர்பார்க்கும் வரத்தையும் வெளியேற்றத்தையும் பொதுஜனங்கள் அறியுமாறு வெளியிட வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் ஐந்து வருஷத்துக்குள் தயாராக வேண்டும் என்பதும் விதி. அக்கெடு 2026 டிசம்பரோடு முடிகிறது. கோர்ட்டில் வாதாடிப் பழகியவர்கள் நாம். ‘செய்யலாம்’ என்ற சொல்லுக்கும் ‘செய்யவேண்டும்’ என்ற சொல்லுக்கும் உள்ள தூரத்தை அறிவோம். சட்டத்தில் இருப்பது இரண்டாவது சொல்.

சொல்லாமல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கம் ஏரி நீர் அடையாற்றில் இறங்கியபோது மாண்டவர்களையும் வீடிழந்தவர்களையும் நாடு மறக்கவில்லை. மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டபொழுது, அந்த அனர்த்தத்தில் மனிதர் கையும் இருந்ததென்று அது சுட்டிக்காட்டியது.

உலக வங்கியின் உதவியோடு நடந்த அணைச் சீரமைப்பில் பேச்சிப்பாறைக்குக் கூடுதல் உபரிநீர்ப் போக்கி கட்டினார்கள். நல்லதுதான். அணைக்கு ஆபத்தில்லாமல் அதிக நீரை வெளியேற்ற அது உதவும். அணை பிழைத்தது, அந்த நீர் போய்ச் சேரும் இடத்தில் உள்ளவன் பிழைக்க வழி என்ன என்பதே நமது கேள்வி. சிமிண்டுக்குச் செலவிட்ட பணத்தில் மிகச் சிறிய ஒரு பகுதி போதும், கரையோரக் கிராமங்களில் அளவுகோற் கல் நடவும், ஒலிபெருக்கி வைக்கவும், வெள்ளம் ஏறும் எல்லையைச் சுவர்களில் கோடிட்டுக் காட்டவும். திற்பரப்பில் டிக்கெட் வாங்கிக் குளிக்கப் போகிறவன் கண்ணில் படும்படி அன்றைய அணை மட்டத்தையும், திறக்கும் உத்தேசத்தையும் ஒரு பலகையில் எழுதி வைப்பதற்குச் சுண்ணாம்புக் கட்டியைத் தவிர வேறு செலவே இல்லை.

அடுத்த வடகிழக்குப் பருவத்துக்கு முன்பாக, ஜில்லா கலெக்டரும் நீர்வள இலாகாவினரும் திருவட்டாற்றிலோ குழித்துறையிலோ ஒரு பகிரங்கக் கூட்டம் கூட்டி, நான்கு அணைகளுக்கும் உரிய நீர் வைப்பு விதியைத் தமிழில் படித்துக் காட்டும்படி கோருகிறோம். நாஞ்சில் நாட்டு விவசாயிகளும் அங்கே வரட்டும். கரைக் குடிகளும் வரட்டும். அணைக்கு அப்பால் படகேறி வந்து போகும் காணிக்காரர்களையும் அழைக்க மறக்கவேண்டாம். அந்த விதி எங்கள் கைக்கு வந்த மறுநாள், ஓர் எழுத்துக் குறையாமல் இப்பத்திரிகையில் இலவசமாகவே பிரசுரிப்போம்.