சினிமாவுக்குள் அடங்காத ரிச்சர்ட் பிரையர்

சொந்த அவமானத்தை மேடையில் சொல்லிச் சிரிக்கவைப்பது ஸ்டாண்ட்-அப் காமெடியில் இன்று சாதாரணம். அமெரிக்காவில் அதை வழக்கமாக்கியவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் ரிச்சர்ட் பிரையர்.

1940இல் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் பிறந்தவர். வளர்ந்தது, பாட்டி நடத்திய பாலியல் விடுதியில். 1963இல் நியூயார்க் வந்தபோது இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. வெள்ளையர் வீடுகளிலும் ரசிக்கப்பட்ட கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் பில் காஸ்பியின் பாணியில், யாரையும் உறுத்தாத நகைச்சுவை செய்தார். தொலைக்காட்சி வாய்ப்பும் பணமும் வந்தன. 1967இல் லாஸ் வேகாஸ் ஹோட்டல் மேடை ஒன்றில், நமக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டு, நிகழ்ச்சியைப் பாதியில் விட்டு இறங்கிப் போனார்.

பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சில காலம் கழித்துத் திரும்பிய பிரையர் வேறு ஆள். பியோரியாவின் குடிகாரர்கள், பாதிரிகள், தெருப் பெரியவர்கள் எல்லோரும் அவர் குரலில் பேசினார்கள். 1979இல் வெளியான 'லைவ் இன் கான்சர்ட்' படத்தில் தன் மாரடைப்பை நடித்துக்காட்டுகிறார்: இதயம் அதட்டுகிறது, அவர் தரையில் கிடந்து கெஞ்சுகிறார். ஒரே ஆள், ஒரு மைக். ஸ்டாண்ட்-அப் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

1980இல் கொக்கெய்ன் போதையில், உடலில் மதுவை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு, எரிந்தபடியே தெருவில் ஓடினார். முதலில் விபத்து என்றார்கள். தற்கொலை முயற்சி என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பிழைத்து வந்து, 1982இல் வந்த இன்னொரு மேடைப் படத்தில் தீக்குச்சியைக் கொளுத்தி நகர்த்திக்காட்டி, ஊர் தன்னைக் கேலி செய்த ஜோக்கைத் தானே சொன்னார்.

ஹாலிவுட்டுக்கு மேடையில் நின்ற இந்த மனிதர் தேவைப்படவில்லை. 'பிளேசிங் சாடில்ஸ்' படத்தின் திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரான அவரை அதில் நாயகனாக்க ஸ்டூடியோ மறுத்தது. ஆனால் நடிகர் ஜீன் வைல்டருடன் அவர் நடித்த 'சில்வர் ஸ்ட்ரீக்', 'ஸ்டர் கிரேஸி' வசூலைக் குவித்தன. 1983இல் 'சூப்பர்மேன் 3'க்கு வாங்கிய சம்பளம் 40 லட்சம் டாலர், சூப்பர்மேனாக நடித்தவரைவிட அதிகம். படம் சுமார்தான். 1978இல் வந்த 'புளூ காலர்' ஒன்றில்தான் மேடைப் பிரையரின் கோபம் திரையில் தெரிந்தது.

1986இல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உறுதியானது. நிற்க முடியாதபோதும் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நோயையே ஜோக்காக்கினார். நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருது 1998இல் தொடங்கியபோது முதலில் கொடுத்தது அவருக்குத்தான். 2005 டிசம்பரில், 65 வயதில் காலமானார்.