மென்னீரும் உப்பும்

வானிலிருந்து வீழும் மழைநீர் மென்மையானது. அது மண்ணிலும் பாறையிலும் ஊறி இறங்கும்பொழுது, ஆங்குள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களைக் கரைத்துக்கொள்கிறது. இவ்வுப்புக்கள் மிகுந்த நீரையே கடின நீர் என்கிறோம். கடின நீரில் சோப்பு எளிதில் நுரைப்பதில்லை. பருப்பு விரைவில் வேகுவதில்லை. வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்ணிறப் படலம் கல்லைப்போல் படிகிறது. அப்படலம் வெப்பத்தைத் தடுத்து எரிபொருளை வீணாக்குகிறது. நாளடைவில் குழாய்களையும் அடைத்துவிடுகிறது.

நீரின் கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டின் அளவாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கூறுவது வழக்கம். குடிநீரில் அது 200 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் வகுத்த அளவு கூறுகிறது. தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. ஆதலின், மென்னீராக்கும் கருவியை வீடுகளில் அமைத்துக்கொள்வோர் உளர். அக்கருவியை அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை புதுப்பிப்பது? இவ்வினாவிற்கு விடை காண, கருவி தொழிற்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

கருவியின் உருளையினுள் ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் ஆகிய சிறு மணிகள் நிறைந்துள்ளன. அவற்றில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடின நீர் மணிகளிடையே செல்லும்பொழுது, கால்சியமும் மக்னீசியமும் மணிகளைப் பற்றிக்கொள்கின்றன; அவற்றிற்கு ஈடாகச் சோடியம் விடுபட்டு நீரிற் கலக்கிறது. இது ஒரு பண்டமாற்று. மண்ணிலும் இத்தகைய பண்டமாற்று நிகழ்வதை இங்கிலாந்து நாட்டு வேதியியலறிஞர் ஜான் தாமஸ் வே 1850-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர் அந்நாட்டின் டெடிங்டன் நகரில் இப்பணிக்குரிய செயற்கைப் பிசினை ஆக்கினர்.

பண்டமாற்று நடக்க நடக்க மணிகளிலுள்ள சோடியம் தீர்கிறது. அதன்பின் கடின நீர் கடின நீராகவே வெளிவரும். அந்நிலை நேருமுன் மணிகளைப் புதுப்பித்தல் வேண்டும். முதலில் நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி, மணிகளைத் தளர்த்தி அழுக்கை அகற்றுவர். பின்னர், செறிந்த உப்புக் கரைசலை மெல்லச் செலுத்துவர். மணிகளைப் பற்றுவதில் சோடியத்தைவிடக் கால்சியமே வலியது. ஆயினும், எளியோர் பலர் திரண்டு வந்தால் வலியவனும் இடம் விட்டு நகர்கிறான் அல்லவா? அவ்வாறே, உப்புக் கரைசலில் மிகுந்துள்ள சோடியம் கால்சியத்தை அகற்றிவிடுகிறது. இறுதியில் நல்ல நீரால் அலசிக் கழிவை வெளியேற்றுவர். இவையெல்லாம் முடிய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதுவரை மென்னீர் கிடைக்காது. ஆதலின், எல்லோரும் உறங்கும் நள்ளிரவிற்குப் பின் இப்பணியை நிகழ்த்துவது வழக்கம்.

இனி, நாட்கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஐவர் வாழ்கின்றனர். நாளொன்றுக்கு 500 லிட்டர் மென்னீர் செலவாகிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம். எனவே, கருவி நாள்தோறும் நீக்க வேண்டிய கடினத்தன்மை 150 கிராம். கருவியில் 25 லிட்டர் மணிகள் உள்ளன என்போம். லிட்டர் மணிகளுக்கு 96 கிராம் உப்பிட்டுப் புதுப்பித்தால், ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 46 கிராம் கடினத்தன்மையை ஏற்கும். 25 லிட்டரும் ஏற்பது 1,150 கிராம். நடுப்பகலில் சோடியம் தீர்ந்துவிடாதபடி ஒரு நாளைக்குரிய 150 கிராமை ஒதுக்கினால், எஞ்சுவது 1,000 கிராம். அதனை 150-ஆல் வகுக்க, ஆறு நாளுக்குச் சற்று மேல் வரும். ஆகவே, இவ்வீட்டில் ஆறு நாளுக்கு ஒரு முறை புதுப்பித்தல் போதும்.

அதே வீட்டின் நீர் 600 மில்லிகிராம் கடினத்தன்மை உடையதாயின், மூன்று நாள் நிறையுமுன்னரே புதுப்பிக்க நேரும். விருந்தினர் வந்து நீர்ச் செலவு பெருகினும் நாள் குறையும். எனவே, எல்லா வீட்டிற்கும் பொதுவான நாட்கணக்கு ஒன்றில்லை. நாளை மட்டும் எண்ணும் கருவியைவிட, ஓடிய நீரை அளந்து காலமறியும் கருவி சிறந்தது. எனினும், நீர்ச் செலவு குறைவாக உள்ளதென்று பல வாரம் வாளாவிடுதலும் நன்றன்று, மணிகள் இறுகும். நீரில் இரும்பு கலந்திருப்பின் அது மணிகளிற் படிந்து அவற்றைக் கெடுக்கும். அத்தகைய இடத்தில் சற்று முன்னதாகவே புதுப்பித்தல் வேண்டும்.

உப்பை மிகுதியாக இட்டு, நாளை நீட்டலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். லிட்டர் மணிகளுக்கு 240 கிராம் உப்பிட்டால், அவை ஏற்கும் கடினத்தன்மை ஏறத்தாழ 69 கிராமே. உப்பு இரண்டரை மடங்கு. பயனோ ஒன்றரை மடங்கு! அடிக்கடி புதுப்பிப்பதும் இத்தகைய வீண்செலவே. நம் எடுத்துக்காட்டு வீட்டில் ஒரு முறைக்கு 2.4 கிலோகிராம் உப்பு வேண்டும். ஆறு நாளுக்கு ஒரு முறையாயின் மாதத்திற்கு 12 கிலோகிராம். மூன்று நாளுக்கு ஒரு முறையாயின் 24 கிலோகிராம். மிகையான 12 கிலோகிராம் எப்பயனும் தராது சாக்கடையிற் சேரும்.

சாக்கடையிற் சேர்ந்த உப்பு அங்கேயே மறைந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாந்தா கிளாரிட்டா என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் வீடுகளின் மென்னீர்க் கருவிகள் வெளியேற்றிய உப்பு, கழிவுநீர் நிலையத்தைக் கடந்து சாந்தா கிளாரா ஆற்றிற் கலந்தது. கழிவுநீர் நிலையம் அழுக்கை நீக்கும். கரைந்த உப்பை நீக்குவதற்கோ பெருஞ்செலவு ஆகும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் பயிராகும் வெண்ணெய்ப்பழமும் ஸ்ட்ராபெரியும் உப்பைப் பொறாதவை. ஆதலின், தாமே உப்பிட்டுப் புதுப்பித்துக்கொள்ளும் கருவிகளை வீடுகளிலிருந்து அகற்ற வேண்டும் என்னும் சட்டத்தை 2008-இல் அவ்வூரார் வாக்களித்து ஏற்றனர். ஒரு வீட்டுக் குளியலறையில் தொடங்கிய செயல், தொலைவிலுள்ள உழவனின் வயலைத் தொட்டது. நம் ஊர்களில் கழிவுநீர் நிலத்தில் இறங்குமாயின், அவ்வுப்பு அண்டை வீட்டுக் கிணற்றைச் சேரக்கூடும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 300 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கும்பொழுது, லிட்டருக்கு ஏறத்தாழ 138 மில்லிகிராம் சோடியம் நீரிற் சேர்கிறது. ஆகவே, உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் பணித்தவர்கள் உள்ள வீட்டில், குடிநீர்க் குழாயைக் கருவியோடு இணைக்காது தனியே விடுதல் நலம்.

கருவியிலிருந்து வரும் நீர் மென்மையானதா என்று அறிய எளிய வழி உண்டு. மூடியுள்ள புட்டியில் அந்நீரைச் சிறிது ஊற்றி, சோப்புக் கரைசல் சில துளிகள் விட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்றால் நீர் மென்மையானது. நுரை எழாது பால்போற் கலங்கினால் புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டது. நீரின் தன்மையை அளந்து, செலவைக் கணக்கிட்டு, வேண்டும்பொழுது வேண்டும் அளவே உப்பிடுவோர்க்கு மென்னீர் கிடைக்கும்; பொருளும் மிஞ்சும்; பிறர் பருகும் கிணறும் உவர்க்காது நிற்கும்.