களஞ்சியம் கோயிலான கதை

ஜப்பான் என்றதும் தொழிற்சாலைகளும் விரைவு இரயில்களும் நம் நினைவுக்கு வருகின்றன. வரலாறு படிக்கும் நாமும் பெரும்பாலும் 1868ஆம் ஆண்டின் மெய்ஜி மீட்சியிலிருந்தே அந்நாட்டை அறியத் தொடங்குகிறோம். ஆயின் அந்நாட்டுப் பண்பாட்டின் அடித்தளம் எது என்று வினவினால், நெல்வயல் என்றே நான் விடை கூறுவேன். அதற்கான காரணங்களைக் காண்போம்.

நெல் வருமுன்

நெல்லுக்கு முன்னரும் அங்கே மக்கள் சிறப்புற வாழ்ந்தனர். வேட்டையாடியும் மீன் பிடித்தும் காய்கனி திரட்டியும் உண்டனர். ஈர மண்ணில் கயிற்றை அழுத்தி அழகு செய்த பாண்டங்களைப் படைத்தனர். அக்கயிற்றுச் சுவட்டினாலேயே அக்காலம் 'ஜோமோன்' எனப் பெயர் பெற்றது. வடக்கே அவோமோரியில் உள்ள சன்னாய் மருயாமாவில், ஏறத்தாழ 5,900 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய பேரூர் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நெல் உழவு இன்றியும் மக்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தனர் என்பதற்கு அது சான்றாகும்.

நெல் வந்தபின்

கி.மு. முதல் ஆயிரத்தாண்டில், கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்தோர் வழியாக நன்செய் வேளாண்மை கியூஷூத் தீவின் வடபகுதியில் வேரூன்றியது. இதுவே 'யயோய்' காலம். நன்செய்க்காரன் தனித்து வாழ இயலாது. வாய்க்கால் வெட்டவும், முறை வைத்து நீர் பாய்ச்சவும், பருவம் தவறாது நடவு முடிக்கவும் ஊர் கூட வேண்டும். ஜப்பானியரின் கூட்டுணர்வுக்கு இது ஒரு முக்கிய வேர் என்பது என் கருத்து.

அதே வயல் ஏற்றத்தாழ்வையும் ஈன்றது. மிஞ்சிய நெல்லைக் கையில் வைத்திருந்தவன் தலைவனானான். ஊர்களைச் சுற்றி அகழிகள் எழுந்தன, போர்கள் மூண்டன. மூன்றாம் நூற்றாண்டில் ஹிமிகோ என்னும் அரசி ஆண்டதைச் சீன வரலாற்றேடு குறிக்கிறது. பின்னர் சாகாய் நகரில் 486 மீட்டர் நீளமுள்ள டைசென் கல்லறைமேடு எழுந்தது. ஒருவருக்காக எத்தனை ஆயிரம் தோள்கள் மண் சுமந்திருக்கும்!

களஞ்சியமும் கோயிலும்

1943இல் ஷிசுவோகாவில் கண்டறியப்பட்ட தோரோ என்னுமிடத்தில், பழைய வயல்களோடு களஞ்சியங்களின் எச்சங்களும் கிடைத்தன. அவை ஈரம் தாக்காதபடி தூண்கள்மேல் நின்றவை. எலி ஏறாதபடி தூண்தலையில் பலகை பொருத்தப்பட்டவை. புகழ்பெற்ற இசே கோயிலின் வடிவமும் அத்தகைய பழங்களஞ்சியத்தை ஒத்ததே. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்கோயிலைப் புதிதாகக் கட்டுவது மரபு. இறுதியாக 2013இல் கட்டினர். மரம் புதிது, வடிவமோ பழையது. மூத்த தச்சரின் கைத்திறன் இளைஞருக்கு இவ்வாறே சென்று சேர்கிறது.

கொண்டதும் ஆக்கியதும்

ஆறாம் நூற்றாண்டில் பௌத்தம் வந்தது. 752இல் நாரா நகரின் பெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவியே. சீன எழுத்தைக் கற்றவர்கள், அதிலிருந்தே தம் மொழிக்கேற்ற 'கானா' எழுத்தை வடித்தனர். அவ்வெழுத்தில்தான் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு என்னும் பெண்மணி 'கெஞ்சியின் கதை'யைப் படைத்தார்.

பிறரிடம் கொள்வது இழிவென்றும், கலப்பற்றதே உயர்ந்ததென்றும் கூறுவோர் எந்நாட்டிலும் உளர். அவர்களுக்கு ஜப்பானின் தொல்வரலாறே விடை. அந்நாட்டின் உயிராகிய நெல்லே கடல் கடந்து வந்ததன்றோ? வந்த விதையைத் தம் மண்ணில் ஊன்றி, தம் உழைப்பால் தமதாக்கிக் கொண்டனர். பண்பாடு என்பது அவ்வுழைப்பின் பெயரேயாகும்.