உம்மும்மாவின் பெயர் என்ன?

 

உங்கள் பிள்ளையின் பாடசாலைக் கொப்பியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயருக்கு முன்னால் யூ.எல். என்றோ, ஐ.எல். என்றோ, எம்.எஸ்.எம். என்றோ சில எழுத்துகள் நிற்கும். அந்த எழுத்துகளுக்குள் இருப்பவர்கள் யார் என்று பிள்ளையிடமே கேளுங்கள். வாப்பாவின் பெயரைச் சொல்லிவிடும். அதற்கு மேலே பல வீடுகளில் பதில் வராது. உம்மாவின் உம்மாவுக்கு என்ன பெயர் என்று கேட்டால், "உம்மும்மா" என்றே பதில் வரும்!

யூ.எல். என்பது பெரும்பாலும் உதுமாலெப்பை. ஐ.எல். என்பது இஸ்மாலெப்பையாகவோ இபுறாலெப்பையாகவோ இருக்கும். காணி உறுதிகளையும் பழைய விவாகப் பதிவுகளையும் புரட்டினால் இவற்றைவிட விசித்திரமான பெயர்கள் வரும். அசனார், சேகு, செய்னம்பு, அவ்வா உம்மா, கதீசா, பிச்சைத்தம்பி, பக்கீர்தம்பி! இன்றைய பிள்ளைகள் இவற்றைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். "எங்கட ஆட்களுக்கு இப்படியும் பெயரா?" என்று கேட்கிறார்கள். சில பெற்றோரும் வெட்கப்பட்டு உறுதியை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தமிழ் நாவில் தவழ்ந்த அரபுப் பெயர்கள்

உஸ்மான் என்பதே உதுமான். அதனோடு மார்க்கம் கற்பித்தவர்களுக்கு வழங்கிய லெப்பை என்ற பட்டமும் சேர்ந்து உதுமாலெப்பை ஆயிற்று. ஹசன் என்பதோடு மரியாதைக்குரிய "ஆர்" சேர்ந்து அசனார். ஷைக் என்பது சேகு. ஹவ்வா என்பது அவ்வா. ஸைனப் என்பது செய்னம்பு.

இது படிப்பறிவில்லாதவர்களின் பிழை என்று எண்ண வேண்டாம். அரபியிலுள்ள பல ஒலிகள் தமிழில் இல்லை. ஆகவே தமிழ் நா அவற்றைத் தன் வழக்கப்படி மாற்றிக்கொண்டது. ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும் கதீஜா நாயகியை "கதீசா" என்றும், ஜிப்ரீல் (அலை) அவர்களை "சிபுறயீல்" என்றும்தான் எழுதினார். பெரும் புலவரின் ஏட்டில் இருந்தால் இலக்கியம், உம்மும்மாவின் உறுதியில் இருந்தால் கேலியா?

செய்னம்பு என்ற பெயரின் மேன்மையைக் கேளுங்கள். நபி (ஸல்) அவர்களின் மூத்த மகளாரின் பெயர் ஸைனப். நபியவர்களின் துணைவியரில் ஜஹ்ஷின் மகளார் ஸைனப் (ரழி) அவர்களுக்கு முதலில் "பர்ரா" என்றே பெயர். நல்லவள் என்று தன்னைத் தானே புகழ்வதுபோல் அது இருந்ததால், நபியவர்களே ஸைனப் என்று மாற்றி வைத்தார்கள். அந்தப் பெயர்தான் எங்கள் மூத்தம்மாமாரின் வாயில் செய்னம்பு ஆயிற்று.

கண்ணீரில் பிறந்த பெயர்கள்

பிச்சைத்தம்பி, பக்கீர்தம்பி போன்ற பெயர்களுக்குப் பின்னால் பல வேளைகளில் ஒரு தாயின் அழுகை இருக்கிறது. முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காமல் மௌத்தாகிப் போக, அடுத்த பிள்ளையாவது நிலைக்க வேண்டுமே என்று ஏங்கி வைத்த பெயர்கள் அவை. தோட்டத்து லயங்களில் வாழும் தமிழ்ச் சகோதரர்களிடத்திலும் பிச்சை, குப்பாயி என்ற பெயர்கள் இதே காரணத்தால் வந்தவை. பெயரால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கைக்கு மார்க்கத்தில் இடமில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனாலும் அந்தப் பெயரைக் காணும்போது சிரிக்காமல், அந்தத் தாய்க்காக ஒரு துஆக் கேளுங்கள்.

சிங்கள வாசகமும் எங்கள் வரலாறே

எங்கள் சப்ரகமுவப் பகுதியின் பழைய பத்திரங்களில் இன்னொரு புதுமையும் உண்டு. முஸ்லிமின் பெயருக்கு முன்னால் "வெதராலலாகே", "முகாந்திரம்லாகே" என்று சிங்கள வீட்டுப் பெயர் இருக்கும். வைத்தியர் வீட்டார், முகாந்திரம் வீட்டார் என்று பொருள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் புகலிடம் கொடுத்தார். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் வைத்தியர்களாகவும், பொதிமாடுகளில் சரக்கு ஏற்றும் மடிகே பிரிவிலும் பணிபுரிந்தார்கள். அந்தத் தொழிலும் பதவியும் வீட்டுப் பெயராயின.

கேகாலைப் பகுதிக் கெட்டபேரியக் கிராமத்தோடு இணைத்துப் பேசப்படும் வைத்தியக் குடும்பத்தாரை "கோபால" முஸ்லிம்கள் என்பார்கள். 1760இல் மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனைக் கொல்ல நடந்த சதியை மன்னருக்கு அறிவித்துக் காப்பாற்றியவர் கோபால முதலியார் என்ற முஸ்லிம். பெயரை மட்டும் பார்த்து "இவர் எங்கட ஆள் இல்லை" என்று தள்ளியிருந்தால் எவ்வளவு பெரிய வரலாற்றை இழந்திருப்போம்!

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

கெட்ட பொருளுள்ள பெயரை மாற்றுவது ஸுன்னத்து. உமர் (ரழி) அவர்களின் மகளுக்கு "மாறு செய்பவள்" என்ற பொருளில் ஆஸியா என்ற பெயர் இருந்தது. நபியவர்கள் அதை ஜமீலா என்று மாற்றினார்கள். ஆனால் பிர்அவ்னின் மனைவியாரின் பெயரான ஆஸியா வேறு. அரபியில் அதன் எழுத்துகளே வேறு. தமிழில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து ஒரு பெயரைக் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

உயிரோடு இருப்பவரின் பெயரை மாற்றுவது ஒன்று. மௌத்தானவரின் பெயரைப் பழைய பத்திரத்திலிருந்து எடுத்தெழுதும்போது "திருத்துவது" வேறு. பின்னதைச் செய்யாதீர்கள். உறுதியில் "செய்னம்பு உம்மா", விவாகப் பதிவில் "ஸைனப்", பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் "சைனம்பு நாச்சியா" என்று இருந்தால், மூன்றையும் உள்ளபடியே எழுதி, மூவரும் ஒருவரே என்று குறித்து வையுங்கள். நாளை பராயிள் பங்கு பிரிக்கும்போது, உறுதியில் இருப்பவர் உங்கள் உம்மும்மாதான் என்று காட்ட வேண்டிவரும். காட்ட முடியாவிட்டால் முதலில் கைநழுவிப் போவது பெண்களின் பங்குதான்.

இன்றே தொடங்குங்கள்

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. முஸ்லிம் விவாகப் பதிவுக்கு 1886, 1929, 1951ஆம் ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. ஆகவே காணிப் பதிவகத்திலும் பதிவாளரிடத்திலும் தேட வழி உண்டு. வீட்டிலுள்ள பழைய குர்ஆன், கிதாபுகளின் முன் பின் தாள்களையும் பாருங்கள். பிள்ளை பிறந்த நாளை அரபுத் தமிழில் குறித்து வைக்கும் வழக்கம் இருந்தது. உறுதியில் சிதைந்த பெயர் அங்கே அரபு எழுத்தில் சரியாக இருக்கக்கூடும்.

ஆனால் முதல் பதிவேடு வீட்டிலுள்ள முதியவர்கள்தான். பெண்களின் பெயரைச் சொல்வது அடக்கக் குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள். நபியவர்களின் தாயார் ஆமினா, பால் கொடுத்த ஹலீமா என்று மத்ரஸாவுக்கு வரும் சிறு பிள்ளையும் சொல்கிறதே! அவர்களைவிட அடக்கமானவர்களா நாம்?

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் எங்கள் புளத்கொகுபிட்டியவிலும் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. வீடுகளோடு பெட்டியும் கடதாசியும் மண்ணுக்குள் போயின. மழை நாட்டில் வாழும் நாம் இதை மறக்கலாகாது. ஒரு கொப்பியில் ஏழு தலைமுறை வேண்டாம், நான்கு தலைமுறையை எழுதுங்கள். உம்மா வழியையும் வாப்பா வழியையும் சமமாக எழுதுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.

இன்று பிள்ளைகளுக்கு வாப்பாவின் பெயரில் பாதி, உம்மாவின் பெயரில் பாதி எடுத்து ஓசைக்காக ஒட்டிப் பெயர் வைக்கிறோம். பொருள் கேட்டால் பெற்றவர்களுக்கே தெரியாது. செய்னம்புக்கோ பொருளும் உண்டு, வரலாறும் உண்டு. அடுத்த பேத்திக்குப் பெயர் தேடும்போது புத்தகத்தைத் திறக்குமுன் அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள், சகோதரிகளே!

எங்கள் முன்னோர்களின் பிழைகளை மன்னித்து, அவர்களின் கப்றுகளை வல்ல அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.