வேதமும் வேந்தரும்

மயிலாப்பூர் லஸ் பகுதியில் நாகேசுவரராவ் பூங்கா என்று ஒரு பூங்கா உண்டு. மாலை வேளைகளில் அங்கே உலாவச் செல்வது ஓய்வு பெற்ற நாள்தொட்டு என் வழக்கம். சிறுவர் ஓடி விளையாடுவர். முதியோர் நடை பயில்வர். கல்லூரி மாணவர் சிலர் மரநிழலில் அமர்ந்து பாடம் படிப்பர். அப்பெயருக்கு உரியவர் யார் என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியுமோ என்று நான் எண்ணுவதுண்டு. காசிநாதுனி நாகேசுவரராவ் அமிர்தாஞ்சனம் என்னும் தைலத்தைச் செய்து விற்ற வணிகர். ஆந்திர பத்திரிகையை நிறுவியவர். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தங்குதூரி பிரகாசத்தோடு சேர்ந்து சென்னையில் உப்புச் சத்தியாக்கிரகத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே.

அந்த 1930ஆம் ஆண்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஆனால் உப்பைப் பற்றி அன்று. அரசின் சட்டத்தை அறிந்தே மீறலாமா என்னும் வினா அன்று நாடெங்கும் எழுந்தது. கிறிஸ்தவ மக்களுக்கு அது தனியொரு வடிவில் வந்தது. ஆளும் அதிகாரத்துக்கு அடங்கியிருக்கும்படி அவர்களுடைய வேதம் கூறுகிறதே, அப்படியிருக்க அவர்கள் காந்தியடிகளின் பின்னே செல்வது எங்ஙனம் தகும் என்று கேட்டவர் பலர். கேட்டவர்களுட் பெரும்பாலோர் ஆளும் இனத்தைச் சார்ந்தவர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

இவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ஒரு தமிழர். 1892இல் தஞ்சையில் பிறந்த ஜோசப் கொர்னேலியஸ் என்பவர் அவர். இலண்டனிற் கணக்காய்வுக் கலை பயின்று, பம்பாயில் தொழில் நடத்தி, பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரி முறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1929இல் அவரைச் சபர்மதிக்கு அழைத்துச் சென்றது. மேனாட்டு உடையைக் களைந்து கதர் உடுத்தார். முன்னோரின் பெயரை மீண்டும் ஏற்று ஜே. சி. குமரப்பா ஆனார். கிறிஸ்தவத்தை மட்டும் அவர் களையவில்லை. காந்தியடிகளோடு நிற்பதே தம் சமயத்தின் வழி என்று அவர் கருதினார்.

சட்டமறுப்பு இயக்கத்துக்குத் துணைநிற்கும்படி அவர் கிறிஸ்தவரை வேண்டியபோது, அந்நாளில் இந்தியாவிலிருந்த ஆங்கிலத் திருச்சபைக்குத் தலைவராய் விளங்கிய கல்கத்தாப் பேராயர் பாஸ் வெஸ்ட்காட் அதனை மறுத்தார். சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனையோடு பொருந்தாது என்பது பேராயரின் கருத்து. அவர் கெட்ட மனிதர் அல்லர், எளிய வாழ்வினர், இந்தியரிடம் அன்புடையவர் என்றே பெயர் பெற்றவர். இதை நான் சொல்லக் காரணம் உண்டு. வேதத்தைத் தவறாக ஆள்பவர் எப்பொழுதும் வஞ்சகராகவே இருப்பர் என்று மாணவர் எண்ணிவிடலாகாது. நல்லவரும் தாம் அமர்ந்திருக்கும் நாற்காலியிலிருந்தே நூலைப் படிக்கின்றனர்.

அந்த நாற்காலி எத்தகையது? 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கல்கத்தாவில் பேராயர் பதவி அமைந்தது. அவருடைய ஊதியம் இந்திய வருவாயிலிருந்தே வந்தது. நம் சென்னைக்கும் 1835இல் ஒரு பேராயர் வந்தார். அவருடைய தலைமை ஆலயமே கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் ஆலயம். உழவன் கட்டிய வரியும் ஏழை உப்புக்குக் கொடுத்த வரியும் சேர்ந்த கருவூலத்திலிருந்து அவ்வுழவனின் சமயத்தைச் சேராத குருமார் சம்பளம் பெற்றனர். பொது நிதி பயின்ற குமரப்பாவுக்கு இக்கணக்கை எவரும் விளக்கவேண்டியதில்லை. மற்றொரு வியப்பும் உண்டு. இந்தியாவிலிருந்த ஆங்கிலத் திருச்சபை, இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டக் கட்டிலிருந்து 1930 மார்ச்சு 1ஆம் நாளன்று விடுபட்டது. காந்தியடிகள் தண்டிக்குப் புறப்பட்டது அதே மார்ச்சு 12ஆம் நாள். பதினொரு நாள் இடைவெளி! ஏட்டில் விடுதலை பெற்ற திருச்சபை நெஞ்சில் விடுதலை பெறப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின.

இனி, வேதப் பகுதிகளையே பார்ப்போம். இத்தகைய வாதங்களில் பெரிதும் எடுத்தாளப்படுவன இரண்டு.

ஒன்று, இராயனின் நாணயத்தைப் பற்றியது. உரோமப் பேரரசனுக்கு வரி கொடுப்பது முறையா என்று சிலர் இயேசுவிடம் கேட்கின்றனர். அது பொறி. கொடுக்கலாம் என்றால் மக்கள் வெறுப்பர். கூடாது என்றால் ஆளுநர் பிடிப்பார். இயேசுவோ வரிக்குரிய காசைக் காட்டும்படி கேட்கிறார். காசு அவர் கையில் இல்லை என்பதையும், கேட்டவர்கள் உடனே அதனைக் கொண்டுவந்தனர் என்பதையும் கவனியுங்கள். அக்காசில் திபேரியு என்னும் பேரரசனின் உருவமும், அவன் தெய்வமான அகுஸ்துவின் மைந்தன் என்னும் எழுத்தும் பொறித்திருந்தன. இராயனுக்குச் சேரவேண்டியது இராயனைச் சேரட்டும், இறைவனுக்குச் சேரவேண்டியது இறைவனைச் சேரட்டும் என்னும் பொருள்பட அவர் விடை பகர்ந்தார். ஆள்வோர் இவ்விடையின் முற்பாதியோடு நின்றுவிடுவது வழக்கம். காசில் இராயனின் உருவம் உள்ளது. மனிதனிலோ இறைவனின் உருவம் உள்ளது என்று அவ்வேதத்தின் முதல் அதிகாரமே கூறுகிறது. அப்படியானால் இராயனுக்குக் காசு போகலாம், மனிதன் போகலாமா? கேட்டவர்கள் வியந்து வாயடைத்துப் போனதற்குக் காரணம் இந்தப் பிற்பாதியே.

மற்றொன்று, பவுல் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம். இதைப் பற்றி நான் பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும்.

நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளியொன்றில் மேல்வகுப்பு மாணவர் பகுதியின் குடிநீர்க் குழாய் சில மாதங்களாகப் பழுதுற்றிருந்தது. மாணவர் இருமுறை விண்ணப்பம் கொடுத்தனர். நான் அதை மேசையறையில் வைத்துவிட்டேன். ஒருநாள் இடைவேளை முடிந்து மணி அடித்தபின்னும் அவர்கள் வகுப்புக்குச் செல்லாமல் முற்றத்தில் அமைதியாய் நின்றனர். எனக்குச் சினம் மூண்டது. மறுநாட்காலை இறைவணக்கக் கூட்டத்தில் இந்த 13ஆம் அதிகாரத்தை எடுத்து, அதிகாரத்தை எதிர்ப்பவன் இறைவனின் ஏற்பாட்டையே எதிர்க்கிறான் என்னும் பகுதியை உரத்த குரலில் வாசித்து, நூலை மூடினேன். கூட்டம் அடங்கிவிட்டது. எனக்கும் மனநிறைவே. சற்றுப் பொறுத்து, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். “ஐயா, இரண்டாம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்களே; நான்காம் வசனத்தை நானும் படித்தேன்” என்றான். அவன் கிறிஸ்தவன் அல்லன். நூலகத்திலிருந்து விவிலியத்தை எடுத்துப் பார்த்திருக்கிறான்.

நான்காம் வசனத்தில் என்ன இருக்கிறது? ஆள்பவன், ஆளப்படுவோரின் நன்மைக்காக இறைவன் அமர்த்திய ஊழியன் என்று இருக்கிறது. கீழ்ப்படிதலைக் கேட்கும் அதே மூச்சில் அதிகாரத்துக்கு ஓர் அளவுகோலையும் பவுல் கொடுத்துவிடுகிறார். குழாயைப் பழுதுபார்க்காத ஊழியன் நான் ஒருவனே. அவ்வாரமே தண்ணீர் வந்தது என்பதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும்.

அன்று தொடங்கி அப்பகுதியை மாணவனைப் போலவே படித்தேன். முதலாவதாக, பவுல் அதிகார எண்ணோ வசன எண்ணோ இட்டு எழுதவில்லை. அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவரால் அமைந்தவை. இன்று வழங்கும் வசன எண்களைப் புதிய ஏற்பாட்டுக்கு இட்டவர் இராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார், ஆண்டு 1551. எண்கள் பயனுடையவைதாம், ஆனால் பழத்தைச் சுளை சுளையாய்ப் பிரித்து வைத்தால் ஒரு சுளையை மட்டும் எடுத்துக்கொண்டு போவதும் எளிதாகிவிடுகிறது. எண்களை மறந்து படித்தால், 13ஆம் அதிகாரத்துக்குச் சற்று முன்னே பழிவாங்காதே, தீமையை நன்மையால் வெல் என்னும் அறிவுரை நிற்கிறது. சற்றுப் பின்னே, அன்பே சட்டத்தின் நிறைவு என்னும் கருத்து நிற்கிறது. இரண்டு அன்பு மொழிகளுக்கு நடுவே அமைந்த பகுதியை வாளுறையிலிருந்து உருவிய வாளாக்குவது படிப்பவரின் கைவண்ணம்.

எழுதியவர் யார் என்பதும் கருதத் தக்கது. பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள், மறுநாள் அவரைச் சத்தமின்றிப் போய்விடச் சொன்னபோது, பவுல் போக மறுத்தார். உரோமக் குடிமகனை முறையின்றி அடித்தவர்கள் தாமே நேரில் வந்து அழைத்துச் செல்லட்டும் என்றார், அவர்களும் வந்தனர். சட்டத்தைக் காட்டி அதிகாரத்தை நாணவைத்த மனிதரின் நிருபம் இது. கி.பி. 57ஆம் ஆண்டை ஒட்டி, நீரோவின் ஆட்சித் தொடக்கத்தில், உரோமையிலிருந்த ஒரு சிறு குழுவுக்கு எழுதப்பட்டது. எல்லா நாட்டு அரசர்க்கும் எக்காலத்துக்கும் எழுதிக்கொடுத்த சாசனமாக அதனைக் கொள்வது எங்ஙனம்?

வெட்டி எடுப்பது ஒரு வகைத் தவறு என்றால், வெட்டி எறிவது மற்றொரு வகை. 1807இல் இலண்டனில் ஒரு விவிலியம் அச்சாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த நீக்ரோ அடிமைகளுக்கென்று தெரிந்தெடுத்த பகுதிகள் கொண்டது அது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இசுரவேலர் வெளியேறிய வரலாறு அதில் இல்லை! எசமானுக்குக் கீழ்ப்படியும்படி கூறும் பகுதி இருந்தது. ஒரு நூலின் எந்தப் பக்கத்துக்கு ஆள்வோர் அஞ்சுகின்றனர் என்பதை அறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம்மவரையே தொட்ட கதை ஒன்றும் உண்டு. 1860ஆம் ஆண்டில் இதே சென்னைத் துறையிலிருந்து டுரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குக் கூலியாட்களை ஏற்றிச் சென்றது. அவ்வாறு சென்றோரின் வழிவந்த தமிழர் பலர் டர்பனை அடுத்த கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டமிட்டு, வீடு கட்டி, கோயிலும் எழுப்பி வாழ்ந்தனர். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் பின்னர் அவர்களை அங்கிருந்து பெயர்த்தது. இனங்களைப் பிரித்து வைப்பதற்கு, பாபேல் கோபுரத்தில் மொழிகள் சிதறிய கதையை ஆதாரமாகக் காட்டினர் அந்நாட்டு டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் அறிஞர். 1985ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளின்போது, மோரியா என்னும் இடத்தில் கூடிய பெருந்திரளான ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர் முன்னே குடியரசுத் தலைவர் போத்தா நின்று பேசினார். அவர் எடுத்துக்கொண்ட பகுதி எது என்று நினைக்கிறீர்கள்? நான் இறைவணக்கக் கூட்டத்தில் வாசித்த அதே 13ஆம் அதிகாரம்!

அவ்வாண்டே அந்நாட்டு இறையியலாளர் பலர் ‘கைரோஸ் ஆவணம்’ என்னும் அறிக்கையை வெளியிட்டனர். அரசின் கையிற் சிக்கிய 13ஆம் அதிகாரத்தை அவர்கள் அதில் வரிவரியாக ஆராய்ந்து மறுத்தனர். டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த வில்லி யோங்கர் என்னும் பேராசிரியர் 1990இல் ருஸ்டன்பர்க் மாநாட்டில் எழுந்து, இனவொதுக்கலின் பாவத்தில் தமக்கும் தம் மக்களுக்கும் பங்குண்டு என்று வெளிப்படையாக அறிக்கையிட்டார். பிழையை வேதத்தால் மூடியவரும் அச்சபையினரே. அதை வேதத்தின் முன்னே வைத்து ஒப்புக்கொண்டவரும் அச்சபையினரே.

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கில ஆட்சியில் அயல்நாட்டுப் பாதிரிமார் இங்கே ஊழியம் புரிய வேண்டுமாயின், அரசுக்கு அடங்கி நடப்பதாக உறுதிமொழி தரவேண்டியிருந்தது. மதுரையிலிருந்த அமெரிக்கரான கெய்த்தான், காந்தியடிகளின் நண்பரான ஓர் ஆங்கில இளைஞரைத் தம் வீட்டில் தங்கவைத்த காரணத்தால் 1930இல் நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தது. திரும்பிவந்தவரை 1944இல் அரசு மீண்டும் வெளியேற்றியது. விடுதலைக்குப் பின் மறுபடியும் வந்து, காந்திகிராமப் பணிகளிலும் சிற்றூர்த் தொண்டிலும் தம் நாட்களைக் கழித்தார்.

குமரப்பாவோ 1931 முதல் பலமுறை சிறை சென்றார். 1942இன் போராட்டத்துக்குப் பின் ஜபல்பூர்ச் சிறையில் அடைபட்டிருந்த காலத்தில் இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் வாக்கும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். இயேசுவைப் பற்றிய நூலை அரசின் சிறையிலிருந்தே ஒருவர் எழுதியதைக் கல்கத்தாப் பேராயர் எவ்வாறு கருதியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. வெஸ்ட்காட் 1945இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டாண்டு கழித்து, 1947 செப்டம்பர் 27இல், நம் கதீட்ரல் சாலை ஆலயத்திலேயே தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் இறுதி ஆண்டுகளைக் கழித்த குமரப்பா, 1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் உயிர்நீத்தார்.